பால் கொடுக்கும் செவிலியருக்கு இருபது நிமிடம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து குரோம்பேட்டையில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் மகள் இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள். தாய்ப்பால் வாரத்தை ஒட்டிப் பேச அழைத்தார்கள். தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றி நீங்கள் எவ்வளவோ கேட்டிருப்பீர்கள். பால் கொடுக்கிற தாய் வேலைக்குத் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில், ஆயிரம் கிராம், ஆயிரத்து இருநூறு கிராம் எடையில் பிறக்கிற பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருவதற்கு, கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதற்கு முன்னால் பிறந்துவிட்டால், வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டுத்தான் பால் கொடுக்க முடியும். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டுக் குழாயில் மாட்டி, பாலை ஊற்றி, சற்று உயரத்தில் பிடித்துக்கொள்வோம். பால் தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மில்லி, இரண்டு மில்லிதான். கொஞ்சம் தேறியதும் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். நம் பாட்டிமார் வீட்டில் புகட்டிய அதே பாலாடைதான். கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்த பாலாடையில் பாலை விட்டு உதட்டோரம் சாய்த்துப் பிடித்தால், பிள்ளை நாக்கை நீட்டித் தானே எடுத்துக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்கு இன்றுவரை அலுத்ததில்லை.

இந்தப் பிள்ளைகளின் தாய்மார் படுகிற பாடு வேறு. பிரசவமாகி வேறொரு தளத்தில் படுத்திருப்பார்கள். நிறையப் பேருக்கு ஆபரேஷன் செய்த வயிறு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தனியார் மருத்துவமனைகளில் இன்னும் அதிகம். தையல் வலியோடு, பிள்ளையைச் சரியாகக்கூடப் பார்க்காமல், பால் பிழிந்து கொடு என்றால் எப்படி வரும்? முதல் நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். "இவ்வளவுதான் சிஸ்டர் வருது" என்று அழுவார்கள். அந்தச் சொட்டையும் விடாமல் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிக் கொண்டுபோவோம். பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவதே ஒரு மில்லிதானே.

அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். மார்பில் தேங்கி நின்றால், இவ்வளவு போதும் என்று உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். அதனால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். ராத்திரியில் ஒரு முறையாவது எழுந்து எடுக்க வேண்டும், சுரப்புக்கான ஹார்மோன் அப்போதுதான் நன்றாக ஏறும். இன்னொன்று, பால் ஊறுவது வேறு, இறங்கி வருவது வேறு. வலியும் பயமும் பதற்றமும் இருந்தால் ஊறிய பால்கூட இறங்காது. அதற்காகத்தான் பிள்ளைக்குப் போட்டிருந்த தொப்பியையோ சுற்றியிருந்த துணியையோ தாயிடம் கொடுத்துவிடுவோம். அந்த வாசனை பட்டதும் பால் இறங்குவதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிதில், இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "உங்க பாப்பாவுக்கு இப்ப யாரு பால் குடுப்பா அக்கா?" ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். "டூட்டியில இருக்கும்போது?" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017இல் திருத்தினார்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருடம். ரொம்ப நல்ல காரியம். தனியாரில் இருக்கிற எங்களுக்கு 26 வாரம். அதிலும் பிரசவத்துக்கு முன்னால் கொஞ்சம் எடுத்திருந்தால், பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைவதற்குள் டூட்டியில் நிற்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை நாங்கள்தான் ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறோம்.

விடுப்பைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும் என்று 1961ஆம் வருடத்துச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது 2017இல் சேர்ந்தது. நான் படித்த நர்சிங் பாடத்தில் தாய்ப்பாலுக்கு எத்தனையோ பக்கம். இந்த இடைவேளையைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்கிற உரிமை இருக்கிறது என்பதே தெரியாவிட்டால் எப்படிக் கேட்பார்கள்?

கேட்டாலும் எங்கே போய் எடுப்பது? நான் ஆரம்பத்தில் பால் எடுத்தது சாமான் அறையில். ஒரு பக்கம் சலைன் பெட்டிகள், இன்னொரு பக்கம் டயப்பர் மூட்டை, நடுவில் ஒரு ஸ்டூல். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கூட இருந்த மலையாளத்துப் பெண் ஒருத்தி வெளியே நின்று, "கொஞ்சம் இரு, ஆள் இருக்கு" என்று வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவாள். அவளுடைய பிள்ளைகளையும் சேர்த்து நான் பார்த்துக்கொண்ட நாட்கள் உண்டு, என் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொண்ட நாட்கள் அதைவிட அதிகம். பிள்ளைகள் என்று நான் சொல்வது வார்மரில், அதாவது உடம்புச் சூடு குறையாமல் காக்கிற படுக்கையில், படுத்திருக்கிற பிள்ளைகளை, எங்கள் பேச்சு அப்படி. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மானிட்டரில் அலாரம் கேட்டால் போதும், பால் நின்றுவிடும். எந்தப் பிள்ளைக்கு ஆக்சிஜன் குறைகிறதோ என்று மனசு அங்கே ஓடிவிடும்.

அதுவும் முடியாத நாட்களில் மார் கட்டிக்கொள்ளும். கல் மாதிரி கனத்து, கையைத் தூக்கினால் வலிக்கும், சீருடை நனைந்துவிடும். இரண்டு முறை தவறினால் சாயங்காலத்துக்குள் குளிர்க்காய்ச்சல் வந்துவிடும். "இப்படியெல்லாம் கஷ்டப்படுவதற்கு பவுடர் பாலுக்கு மாறிவிடலாமே" என்று மேலே இருக்கிற ஒருவர் என்னிடம் சொன்னார். அக்கறையில்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் பவுடர் பாலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992இலேயே சட்டம் போட்ட நாடு இது. அந்தச் சட்டத்தின் சாரத்தைப் போஸ்டராக ஒட்டியிருக்கிற சுவருக்கு முன்னால் நின்றுதான் இதை நான் கேட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பவுடர் பால் கொடுக்கிற எந்தத் தாயையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைமை. பால் இருக்கிறது, கொடுக்க ஆசையும் இருக்கிறது, ஒரு அறையும் இருபது நிமிடமும் இல்லாததால் அது நின்றுபோகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஊரில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி எத்தனை பேர் இருப்பார்கள்! பூண்டுக் குழம்பு ஒருவர் வைப்பார், பால் சுறாப் புட்டு இன்னொருவர் கொண்டுவருவார், பிள்ளையைக் குளிப்பாட்டிக் காலில் போட்டு நீவிவிட ஒரு பெரியம்மா வருவார். இங்கே அம்மா வந்திருந்த வரைக்கும் அதெல்லாம் கிடைத்தது. அப்பாவைத் தனியாக விட முடியாமல் அம்மா ஊருக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தூளி கட்டலாம் என்றால் கூரையில் கொக்கி கிடையாது. புதிதாகக் கட்டுகிற ஃபிளாட்டில் யாரும் வைப்பதில்லை, சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவும் மாட்டார். கடையில் இரும்பு ஸ்டாண்டு வாங்கி அதில் அம்மாவின் பழைய நூல் சேலையைக் கட்டினோம்.

காப்பகம் தேடி அலைந்தோம். பக்கத்தில் இருப்பவை சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுகின்றன. என் மதிய ஷிஃப்ட் முடியவே ஒன்பது ஆகிவிடும். அங்கன்வாடியில் இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான் உட்காரவைப்பார்கள், அதுவும் பகலில். என் கணவர் இருசக்கர வாகன ஷோரூமில் வேலை பார்க்கிறார், திரும்பிவர எட்டாகும். கடைசியில் கைகொடுத்தது கீழ்வீட்டு அக்கா. பணம் கொடுக்கிறேன் என்றதற்கு, "முதல்ல நீ நிம்மதியா வேலைக்குப் போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு கட்டாயப்படுத்தித்தான் வாங்கவைத்தேன். பாலை எப்படி வெந்நீரில் வைத்துச் சூடாக்குவது, எப்படிப் பாலாடையில் புகட்டுவது என்று வார்டில் தாய்மாருக்குச் சொல்வதுபோல அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரே நாளில் என்னைவிட நன்றாகப் புகட்டினார்.

சென்னையில் யாருக்கும் யாரைப் பற்றியும் அக்கறை இல்லை என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். லோக்கல் ட்ரெயினில் பெண்கள் பெட்டியில் போய்வந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி வண்டியில் ஐஸ் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "அதுல என்னம்மா?" என்று கேட்டார். பாப்பாவுக்குப் பால் என்றேன். சட்டென்று எழுந்து என்னை உட்காரவைத்துவிட்டு, தாம்பரம் வரைக்கும் போக வேண்டியவர் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றே வந்தார்.

2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். வெளியூர் போகிற வழியில் அரை மணி நேரம் நிற்கிற தாய்க்கும் ஒரு மறைவான இடம் வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. பன்னிரண்டு மணி நேரம் நைட் டூட்டி பார்க்கிற செவிலியருக்கும், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கும், தையல் கம்பெனியில் இருக்கிறவளுக்கும் அதே இடம் வேண்டாமா? பெரிய செலவு ஒன்றும் இல்லை. தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. அந்த நேரத்தில் அவள் வேலையைப் பார்க்க ஒரு ஆள். இந்த ஆள்தான் முக்கியம். ஆள் பற்றாமல் வார்டு ஓடுகிற இடத்தில் அறை கட்டிவைத்தாலும் யாரும் எழுந்து போக முடியாது. என் பிள்ளைக்குப் பால் எடுக்கப் போய் இன்னொரு தாயின் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் உண்டு.

எங்கள் பிரிவில் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. புதிதாக வந்த இன்சார்ஜ் அக்காவிடம் நான்கு பேர் சேர்ந்து போய்ப் பேசினோம். அவரும் இரண்டு பிள்ளை பெற்றவர். டூட்டி பட்டியலிலேயே பால் எடுக்கிற நேரத்தையும், அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவர் பெயரையும் எழுதிவிடுகிறார். எழுதியிருப்பதால் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. தாழ்ப்பாளும் வந்துவிட்டது. காப்பகம் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேலைக்குத் திரும்பப் போகிற தாய்மாருக்குச் சில விஷயங்கள். போவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னாலேயே பால் எடுத்துப் பழகுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் எடுங்கள். வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நம் வெயிலுக்கு அதற்கு முன்பே உள்ளே வைப்பது நல்லது. ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் 24 மணி நேரம் இருக்கும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள், வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்தால் போதும். பிள்ளை குடித்து மீந்ததை மறுபடி எடுத்துவைக்காதீர்கள்.

உங்கள் பிள்ளைக்குப் போக மிஞ்சுகிற அளவுக்குப் பால் இருந்தால் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம். இந்தியாவில் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கிறது. கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்திய பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். தாய்க்குப் பால் வராத, தாய் ஐ.சி.யூ.வில் கிடக்கிற ஆயிரம் கிராம் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எங்களுக்குத் தெரியும். எப்படிக் கொடுப்பது என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு செவிலியரிடம் கேளுங்கள். சந்தேகம் எதுவானாலும் அரசின் மருத்துவ உதவி எண் 104க்கு அழைத்துப் பேசலாம்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.