மாங்காயோட நிழல் கறுப்பு இல்லைங்க! | கிருஷ்ணகிரி ஞாயித்துக்கிழமை ஓவிய வகுப்பு

[திரையில்: பாறை மேல் வெள்ளை ஓவியம்]

வணக்கம் மக்களே! தமிழ்நாட்டுல முதன்முதலா கண்டுபிடிச்ச பாறை ஓவியம் எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்? நம்ம பர்கூர் பக்கத்துல, மல்லப்பாடியில! 1970கள் கடைசியில சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி.ராமன் உலகத்துக்குச் சொன்னது. குதிரை மேல ரெண்டு பேர் சண்டை போடுறாங்க. ஒரே நிறம், வெள்ளை. அவ்வளவுதான், ஆனா குதிரை ஓடுது!

அதே மண்ணுல இப்போ ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மண்டபத்துல பாய் விரிச்சு, ஆறாவது படிக்கிற பையன்ல இருந்து ரிட்டயர்டு ஆன ஐயா வரைக்கும் ஒண்ணா உக்காந்து பெயிண்டிங் கத்துக்கிறாங்க. நானும் போனேன்.

முதல் நாள் எல்லாரும் சொல்ற வார்த்தை ஒண்ணுதான்: "எனக்கு வரைய வராதுங்க." சொன்ன அக்கா யாரு தெரியுமா? மார்கழியில பதினைஞ்சு புள்ளி, எட்டு வரைக்கும் இடுக்குப் புள்ளி வச்சு, இருட்டுல, குனிஞ்ச வாக்குல, ஒரு கோடு கூட அழிக்காமக் கோலம் போடுறவங்க! கை ஏற்கனவே பழகிருச்சு. கத்துக்க வேண்டியது கண்ணுதான்.

[திரையில்: ஒரு கிளிமூக்கு மாங்காய்]

இங்கதான் என் மனசு நின்னுபோச்சு. டீச்சர் நடுவுல ஒரு கிளிமூக்கு மாங்காயை வச்சாங்க. "பாத்து வரைங்க." எல்லாரும் பச்சை டப்பாவத் தொறந்தோம். "பொறுங்க, இன்னொரு தடவ பாருங்க"ன்னாங்க. பாத்தா காம்புகிட்ட மஞ்சள், வெயில் பட்ட தோள்ல லேசா சிவப்பு, ஜன்னல் வெளிச்சம் விழுற இடத்துல பளீர்னு ஒரு வெள்ளைப் பொட்டு. வாட்டர்கலர்ல அந்த வெள்ளைக்குப் பெயிண்ட் தேவையே இல்ல, தாளை அப்படியே தொடாம விட்டுரணும்! முதல்ல வெளிர் மஞ்சள், அது காஞ்சதும் பச்சை. வெளிர்ல ஆரம்பிச்சு அடர்த்திக்குப் போகணும். திரும்பி வர வழி கிடையாது.

அப்புறம் நிழல். நான் கறுப்பை எடுத்தேன். டீச்சர் கையப் புடிச்சு நிறுத்திட்டாங்க. பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. பச்சையில ஒரே ஒரு சொட்டு சிவப்பு கலந்தா அது அப்படியே அடங்கி, மாங்காயோட இருண்ட பக்கமா மாறிடுது. கறுப்பு வச்சிருந்தா அழுகின மாங்காய்தான்! கீழ தரையில விழுற நிழல்ல நீலம் தெரியுது. முப்பது வருஷமா மாங்காய் தின்னிருக்கேன், அன்னைக்குத்தான் பாத்தேன். இப்பவே எந்திரிச்சுப் போய் உங்க வீட்டுல ஒரு காயப் பாருங்க, வீடியோவ நிறுத்திட்டுப் போங்க!

செலவு விஷயம் சுருக்கமா: நோட்டுத்தாள் நனைஞ்சா சுருங்கிடும், 300 ஜிஎஸ்எம்னு போட்ட தடிமனான தாள் வாங்குங்க, பிரஷ் ரெண்டு போதும்.

சரி, தனியா வீட்டுல யூடியூப் பாத்து வரையலாமே? வரையலாம். ஆனா அந்தத் தண்ணி மக்கு இருக்காது. நாலு பேருக்கு ஒரு மக்கு வைப்பாங்க. பிரஷைக் கழுவக் கை நீட்டும்போதே பேச்சு வந்துரும். எதிர்ல உக்காந்து முகத்தப் பாத்துப் பேசச் சொன்னா கூச்சம். கண்ணு தாள் மேல இருந்தா வாய் தானா தொறக்குது. நம்ம ஊர்ல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும். ஓசூர்ல வேலை பாக்குற ஒரு தம்பிக்குத் தமிழ் இன்னும் சரியா வரல. பக்கத்துல உக்காந்த பாட்டி அவன் தாளைத் தன் பக்கம் இழுத்து, விரலாலயே "இங்க தண்ணி ஜாஸ்தி"ன்னு காட்டுனாங்க. அடுத்த வாரம் அந்தத் தம்பி முதல்ல தேடுனது பாட்டியத்தான்.

அடுத்த வகுப்பு கறுப்பு சார்ட்டுல வெள்ளை போஸ்டர் கலர் மட்டும். மல்லப்பாடிக் குதிரைதான் பாடம்! ஒரு வேண்டுகோள்: பாறை ஓவியம் பாக்கப் போறவங்க தொடாதீங்க, தண்ணி தெளிச்சு போட்டோ எடுக்காதீங்க, பேர் எழுதாதீங்க. பேரு எழுத ஆசையா இருந்தா நம்ம சார்ட்டு இருக்கு, வாங்க. உங்க மாங்காய் நிழல்ல என்ன நிறம் தெரிஞ்சதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, ஒண்ணு விடாமப் படிப்பேன்!