நடந்தது போதாதா?

வணக்கம் நேயர்களே. எங்கள் நடைக்கூட்டத்தைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசித் தாருங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஊறிய ஒரு ரீச்சரிடம் கால் மணித்தியாலத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தயாரிப்பாளர் தம்பிக்கு இன்னும் தெரியாது. சரி, தொடங்குகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாட்களில், விடிந்தும் விடியாததுமாக, தலையில் தொப்பியும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாகச் சிலர் குளக்கட்டில் கதைத்துக்கொண்டு போவதை நீங்கள் கண்டிருக்கலாம். அது நாங்கள்தான். எங்களுக்குச் சங்கம் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் நடையைப் பற்றி வருவதைவிடக் காலை வணக்கப் பூக்கள்தான் கூடுதலாக வரும். இளைப்பாறியவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்யும் பிள்ளைகள், தோட்டக்காரர், ஒரு தையற்கார அக்கா என்று பலரும் வருவார்கள்.

புதிதாக யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும். "ஏன் ரீச்சர், நாங்கள் நடந்தது போதாதா?"

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்தத்தால் 1995 அக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கடைசி யுத்தத்தில், 2008 இல் மன்னார்ப் பக்கத்தில் தொடங்கி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே சிலருக்குக் கால் உளையும். அப்படிப்பட்டவர்களிடம் போய், "வாருங்கள், சும்மா நடப்போம்" என்றால் கோபம் வராதா?

அந்தத் தையற்கார அக்காவும் இதைத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "அக்கா, அந்த நடையில் நிற்க ஏலாது. இதில் நிற்கலாம்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போயாவுக்குக் குடையும் கையுமாக வந்து நின்றார்.

இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். இடையில் மறந்துவிடுவீர்கள், திரும்பவும் சொல்லுவேன். எங்கள் கூட்டத்தில் யாருக்கு எதைப் பார்த்து நிற்க வேண்டும் போலிருக்கிறதோ, அவர் நிற்கலாம். அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். முன்னால் போகிறவர் கடைசியில் வருகிறவருடைய கண்பார்வையை விட்டுப் போகக் கூடாது.

இதை ஏற்க மறுத்தவர் ஒருவர் இருந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து இளைப்பாறியவர். நல்ல சப்பாத்து, கையில் அடி எண்ணும் மணிக்கூடு. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் பத்தாயிரம் ஐயா. அவருக்கும் அது தெரியும், கேட்டுக்கொண்டிருந்தால் சிரிப்பார்.

ஒரு தை மாதம், இரணைமடுக் கட்டில் நடை. பனிக்காலம் என்றால் வன்னியில் நடப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. மாரி மழை ஓய்ந்திருக்கும், குளம் நிறைந்திருக்கும், கட்டுக்குக் கீழே காலபோக நெல் மஞ்சள் பூசத் தொடங்கியிருக்கும். இரணைமடு வட மாகாணத்திலேயே பெரிய குளம். 1902 இல் வேலையைத் தொடங்கினார்கள், பிறகும் தடவைக்குத் தடவை கட்டை உயர்த்தினார்கள். வவுனியா மாவட்டத்திலிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறுதான் இதை நிரப்புகிறது. மிச்சத் தண்ணீர் சுண்டிக்குளம் கடலேரிக்குப் போய்ச் சேரும். இந்த ஆற்றைத் துண்டு துண்டாக முழுவதும் நடந்துவிட வேண்டும் என்பது என்னுடைய ஆசை. அதைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

அன்றைக்குப் பத்தாயிரம் ஐயா விறுவிறு என்று கட்டின் அந்தலைக்கு, அதாவது மறுமுனைக்கு, போய்விட்டார். அக்கா, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியில் நின்றுவிட்டார். ஒரு வள்ளம் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. வலையை உதறினால் ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா, பொலபொலவென்று விழுகிறது, நடுவில் இரண்டு விரால். அக்கா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விலை கேட்கத் தொடங்கினார். விலை கேட்பது ஒரு சாட்டுத்தான். மீன்காரத் தம்பிக்கு எந்த ஊர், தாய் தகப்பன் யார், அதுதான் அவருக்கு வேண்டும். தம்பி மலையாளபுரம். 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தோடு தகப்பன் மலையகத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். தாய் சந்தையில் வெற்றிலை விற்றவர். "மூக்குத்தி போட்ட, கொஞ்சம் கட்டையான அம்மாவா?" என்று அக்கா கேட்டார். அவரேதான். அக்காவின் மாமியார் கிழமைக்கிழமை வெற்றிலை வாங்கியது அந்த அம்மாவிடம்தான்.

அதோடு நடை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி போன் எடுத்துத் தாயைக் கூப்பிட்டார். தாயும் அக்காவும் போனில் கதைக்கிறார்கள், நாங்கள் கட்டில் குந்தியிருக்கிறோம். ஐயா அந்தலையிலிருந்து திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்ன, ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதா?" என்றார். ஒன்றும் நடக்கவில்லை ஐயா, இருங்கள் என்றோம். முதலில் நின்றார். பிறகு இருந்தார். பிறகு அவரே விராலின் விலையைக் கேட்டார். அக்கா நீர்க்கரையில் ஒரு கல்லில் வைத்து மீனைச் செதில் தட்டிக் குடல் எடுத்துக் கொடுக்க, அந்தப் பையைக் கடைசிவரை தூக்கிக்கொண்டு வந்தவர் ஐயாதான். அன்று அவருடைய மணிக்கூடு பத்தாயிரத்தைத் தொடவில்லை.

இப்படி எழுபதுகளில் தெற்கிலிருந்து வந்தவர்கள், அரசாங்கத்தின் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து முத்தையன்கட்டுக்கும் விசுவமடுவுக்கும் வந்து மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள், இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், பரம்பரையாக இந்த மண்ணில் இருப்பவர்கள், எல்லோரும் ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே வங்கியில் வரிசையில் நிற்கிறோம். கதைப்பதில்லை. ஒருவரோடொருவர் கதைக்க ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்டுக்குத்தான் நிற்க வேண்டும் என்கிறேன். திரும்பவும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

நிற்கலாம் என்றேன். ஆனால் எங்கும் இறங்கலாம் என்று சொல்லவில்லை. இளம் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆள் நடமாட்டமுள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் ஒரு அடியும் வைக்கக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டும். பலகை இல்லாவிட்டாலும், புது இடமென்றால் முதலில் கிராம சேவையாளரையும் அந்த ஊர் மாட்டுக்காரரையும் கேட்போம். மாட்டுக்காரருக்குத் தெரியாத நிலம் இல்லை. மிதிவெடி எடுத்து முடித்த இடங்கள் நிறைய, எடுத்து முடியாத இடங்களும் இருக்கின்றன. வித்தியாசமாக ஏதும் கிடந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவிக்க வேண்டும். படம் எடுக்கவும் கிட்டப் போகாதீர்கள்.

அப்புறம் மிருகங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை, அதனால் அங்கே வெயில் ஏறிய பிறகுதான் வெளிக்கிடுவோம். பாலைப்பழக் காலத்தில் கரடி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஏ9 வீதியோரம் பாலைப்பழம் பையில் கட்டி விற்பார்கள், சாப்பிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும், அதைத் தெரியாத வன்னியார் யார்? மரத்தடியில் பொறுக்கிச் சாப்பிடுவதற்கு என்றே ஒரு நடை போவோம். ஆனால் கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிர். மரத்தில் ஏறியே தின்னும். ஆகவே ஊரோடு ஒட்டிய மரங்களோடு நாங்கள் நிறுத்திக்கொள்வோம், காட்டுக்குள் இருப்பவை கரடியாருக்கு.

கற்சிலைமடுவுக்கும் போனோம். 1803 அக்டோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று ஆங்கிலத்தில் வெட்டி ஒரு கல்லை நட்டார்கள். நட்டவர்கள் வென்றவனுக்காக நட்டார்கள். போகிறவர்களெல்லாம் தோற்றவனைக் கும்பிடப் போகிறார்கள். கூட வந்த பையன் ஒருவன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கக்கூடிய விஷயம்தானே.

நடப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதும் அல்ல. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு வழியாகத்தானே போகிறார்கள்? வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும் எத்தனை பேர் நடந்தே போகிறார்கள். அவர்கள் வழியில் தாகசாந்திப் பந்தலுக்குப் பந்தல் நிற்பதைப் பாருங்கள். சரி, சரி, மூன்றாம் தரம் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் கூட்டத்தில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். நடை முடிந்ததும் ஒரு மருத மர நிழலில் பாயை விரித்து எல்லோருடைய சாப்பாட்டையும் நடுவில் வைத்துவிடுவோம். புட்டு, இடியப்பம், கட்டைச் சம்பல், ஒரு வீட்டிலிருந்து ரொட்டியும் இடித்த மிளகாயும். தான் கொண்டுவந்ததைத் தான் சாப்பிடக் கூடாது. பத்தாயிரம் ஐயா வீட்டில் தனியாள், அவருக்குச் சமைக்கத் தெரியாது. முறிகண்டிக் கச்சான், அதாவது வேர்க்கடலை, வாங்கி வருவார். அதுதான் முதலில் முடியும்.

தயாரிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார். ஐயையோ, மிச்சம் நிறையக் கிடக்கிறதே. ஆவணி புரட்டாசியில் பனங்கொட்டை சேர்த்து வாய்க்கால் ஓரங்களில் ஊன்றுகிறோம், அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறிப்பு எழுதி வந்தேன். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை கூட்டுப் பொங்கல். எங்கள் ஆட்களில் ஒருவர் வீட்டில் செத்தவீடு என்றால் முதல் நாளே எல்லோரும் அங்கே நிற்போம், கதிரை அடுக்குவதிலிருந்து தேத்தண்ணீர் கொடுப்பதுவரை எங்கள் வேலை. மழை நாட்களில் நடை இல்லை. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நிரம்பி வான் பாயும் குளத்தடிக்கு ஒருவரையும் கூட்டிப் போவதில்லை.

இப்போது ஒரு விரல். வருகிற போயாவுக்கு அக்கராயன் குளக்கட்டு. காலை ஐந்தரைக்குச் சந்தியில் நிற்போம், ஆறு மணிக்கு மேல் காத்திருக்க மாட்டோம். தண்ணீர், தொப்பி, மூடிய சப்பாத்து, ஒரு தட்டு. தட்டை மறந்தால் பரவாயில்லை, அக்கா தேக்கிலை பறித்துத் தருவார். சப்பாத்தை மட்டும் மறக்க வேண்டாம், அங்கே நெருஞ்சி முள்… சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.