நாலு ஊரில் வழக்குப் போட்டு அலையவிடலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "பேச்சுரிமை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசுகிறார், கேட்கிறவர்களுக்கு மனம் புண்படுகிறது. நாலு ஊரில் வழக்குப் போட்டு அலையவிட்டால்தானே அடுத்தவர் யோசித்துப் பேசுவார்? அதில் என்ன தப்பு?"

கோபம் புரிகிறது. ஆனால் அப்படி அலையவிட்ட கதை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. நடிகை குஷ்பு வழக்கைத்தான் சொல்கிறேன். 2005 செப்டம்பரில் இந்தியா டுடே தமிழ் இதழ் பாலுறவு பற்றிய கருத்துக்கணிப்பு ஒன்றை வெளியிட்டது. அதையொட்டி குஷ்புவும் தன் கருத்தைச் சொன்னார். திருமணத்துக்கு முன்பு உறவு வைத்துக்கொள்கிற பெண்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படித்த ஆண், வரப்போகிற மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாரம் இவ்வளவுதான். தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்று துடைப்பமும் செருப்புமாகப் போராட்டம் கிளம்பியது. டிவியில் மன்னிப்புக் கேட்டார், அப்போதும் அடங்கவில்லை. மேட்டூர் நீதிமன்றத்துக்குப் போனபோது தக்காளியும் முட்டையும் வீசினார்கள். மொத்தம் 23 வழக்குகள், பெரும்பாலும் தமிழ்நாட்டின் வெவ்வேறு ஊர்களில். ரத்து செய்யுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2008இல் அங்கே மறுத்துவிட்டார்கள். கடைசியில் 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனை வழக்கையும் ரத்து செய்தது.

ஏன் என்று பாருங்கள். அவதூறு என்றால், அந்தப் பேச்சால் பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்க முடியும். குஷ்பு யார் பெயரையும் சொல்லவில்லை, அடையாளம் காட்டக்கூடிய எந்தக் குழுவையும் சொல்லவில்லை. ஒட்டுமொத்த சமூகத்தின் சார்பாக நான் பாதிக்கப்பட்டேன் என்று யாரோ ஒருவர் வந்து நின்றால் சட்டம் ஏற்காது. வயது வந்த இரண்டு பேர் விருப்பப்பட்டுச் சேர்வதே குற்றமில்லை, அதைப் பற்றிப் பேசுவது எப்படிக் குற்றமாகும் என்பது இன்னொரு காரணம். பிடிக்காத கருத்தா, பதில் கருத்து சொல்லுங்கள், கிரிமினல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்பதுதான் தீர்ப்பின் போக்கு.

சரி, ஜெயித்தார். ஆனால் நாலரை வருடம் போய்விட்டதே! நண்பர் கேட்கிற தண்டனை இதுதான். குற்றம் நிரூபணமாகாமலே, நீதிபதி யாரும் சொல்லாமலே, அலைச்சலையே தண்டனையாகக் கொடுப்பது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

அப்படியென்றால் எதை வேண்டுமானாலும் பேசலாமா? இல்லை. அரசியலமைப்பில் பேச்சுரிமை தருகிற 19ஆவது பிரிவே அதற்கு எதற்காகக் கட்டுப்பாடு போடலாம் என்றும் சொல்கிறது: பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், நீதிமன்ற அவமதிப்பு என்று ஒரு பட்டியல். 'மனம் புண்பட்டது' என்று தனியாக ஒன்று அதில் இல்லை. மத உணர்வைப் புண்படுத்துவதற்குச் சட்டம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆவது பிரிவு. அதற்கும் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு பேசியிருக்க வேண்டும். இரண்டு பிரிவினருக்கு இடையே பகையை மூட்டினால் அதே சட்டத்தின் 196ஆவது பிரிவு. உண்மையிலேயே ஒருவர் ஒரு சமூகத்துக்கு எதிராக வெறியைக் கிளப்பினால் தாராளமாகப் புகார் கொடுங்கள்.

இன்னொரு பக்கம், நீதிமன்றத்துக்கு வெளியே வருகிற விளைவு. 2022இல் நூபுர் சர்மா டிவி விவாதத்தில் நபிகள் பற்றிப் பேசியதும் பாஜக அவரை இடைநீக்கம் செய்தது. கட்சி தன் செய்தித் தொடர்பாளரை நீக்குவது கட்சியின் உரிமை, அதைப் பேச்சுரிமைப் பறிப்பு என்று சொல்ல முடியாது. படம் பார்க்க மாட்டேன், கடைக்குப் போக மாட்டேன் என்று நீங்கள் முடிவெடுப்பதும் அப்படித்தான். ஆனால் நூபுர் சர்மாமேலும் பல மாநிலங்களில் வழக்கு, கொலை மிரட்டல் வேறு. அந்த ஆகஸ்டில் வழக்குகளை ஒன்றாக்கி டெல்லி போலீசிடம் கொடுத்தது உச்ச நீதிமன்றம். அவரை ஆதரித்துப் பதிவு போட்டதற்காக உதய்ப்பூரில் ஒரு தையல்காரரைக் கடைக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். நூபுர் சர்மாவின் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அதற்காகக் குஷ்புவுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயம் என்று என்னால் பேச முடியாது.

நண்பருக்கு நடைமுறையில் சொல்வதென்றால்: பேச்சு உங்களைக் குறித்ததா, உங்கள்மேல் வன்முறையைத் தூண்டியதா? ஒரே இடத்தில் ஒரு புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த முப்பது நொடித் துண்டை நம்பாமல் முழு வீடியோவையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை இருக்கிற பேச்சு வழக்கு என்றால் முதலில் 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது; 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி எம்.பி. வெளியிட்ட கவிதை வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகவே உடனே கைது செய்யவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்தது, வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.