5 லிட்டர் பெட்ரோல் போட்டால் 2.6 கிலோ மக்காச்சோளம்

[திரையில்: பெட்ரோல் பங்க், ஓடும் மீட்டர்]

வண்டிக்கு 5 லிட்டர் பெட்ரோல் போடுகிறீர்கள். அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலே இல்லை, எத்தனால், அதாவது பயிரிலிருந்து காய்ச்சி எடுக்கிற எரிசாராயம். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கை 2030-க்குள் எட்டினால் போதும் என்றுதான் 2018 உயிரி எரிபொருள் கொள்கை சொன்னது, அப்புறம் கெடுவை முன்னால் இழுத்தார்கள், 2025-இல் எட்டியும் விட்டார்கள். மைலேஜ் அடிவாங்குகிறது என்ற சண்டை தனி. எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் குறையத்தான் செய்யும், பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே எழுதியிருக்கிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன். அந்த ஒரு லிட்டர் எந்த வயலிலிருந்து வந்தது, அது வந்ததால் யார் பிழைத்தார்கள், யார் தலையில் விழுந்தது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: கரும்பு லாரிகள், ஆலை வாசல்]

ஆரம்பத்தில் எல்லாம் கரும்புதான். சர்க்கரை தேங்கிக் கிடக்கும், ஆலைக்குப் பணம் வராது, வெட்டிக் கொடுத்த கரும்புக்கு விவசாயிக்கு நிலுவை ஏறிக்கொண்டே போகும். அந்த ஆலைகளுக்கு எத்தனால் கைக்காசு கொடுத்தது, இதை மறுப்பது நியாயமில்லை. அதுவும் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற மொலாசஸில் காய்ச்சும்வரை பெரிய குறை சொல்ல முடியாது, எப்படியும் வெளியே வருகிற கழிவுப்பாகுதான். ஆனால் மொலாசஸ் மட்டும் 20 சதவீதத்துக்கு எந்தக் காலத்திலும் போதாது. சாற்றையே நேராக எத்தனாலாக்கினால்தான் அளவு வரும், சாற்றைத் தொட்டால் சர்க்கரை குறையும். 2023-இல் மழை பொய்த்ததும் அதுதான் நடந்தது. அந்த டிசம்பரில் கரும்புச்சாற்றில் எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசே கட்டுப்பாடு போட்டது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் தளர்த்தியது. தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர், இதுவும் அதே நிதி ஆயோக் அறிக்கையில் இருக்கிறது. மகாராஷ்டிராவில் நிலத்தடி நீர் ஏற்கெனவே தவிக்கிற மாவட்டங்களிலும் கரும்புதான் நிற்கிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, கரும்பு வேண்டாம், தானியம் என்றார்கள். முதலில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி. 2023 ஜூலையில் பச்சரிசி, புழுக்கல் என்று அரிசி விலையே பெரும் பேச்சானபோது, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது, அதே மாதம் எத்தனால் ஆலைகளுக்கு அரிசி கொடுப்பதும் நின்றது. பிறகு கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2024-25-இல் 52 லட்சம் டன் வரை ஒதுக்கினார்கள், கிலோ 22 ரூபாய் 50 பைசா. கொள்முதல், மூட்டை, வண்டிக்கூலி, கிடங்கு எல்லாம் சேர்த்து அந்த அரிசிக்கு அரசுக்கு ஆகும் செலவு கிலோவுக்கு 39 ரூபாய்க்கு மேல். ஒரு டன் அரிசியில் 450 லிட்டர் எத்தனால் என்று வைத்துக்கொண்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவருக்கு மாதம் கிடைக்கும் 5 கிலோ அரிசி, 11 லிட்டர் கலப்புப் பெட்ரோலோடு தீர்ந்துவிடும். கிடங்கில் பூச்சி அரிப்பதைவிட இது மேல் என்பார்கள், அரித்துப்போகிற அரிசிக்கு அது சரிதான். ஆனால் 52 லட்சம் டன்னும் அரித்துப்போகிற அரிசி இல்லை.

[திரையில்: நாமக்கல் கோழிப்பண்ணை]

நம் ஊர்ப் பக்கம் வலிக்க ஆரம்பித்தது மக்காச்சோளத்தில். 2023-24-இல் மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 பைசா. ஒரு டன்னுக்கு 380 லிட்டர் தேறும், அதாவது ஒரு லிட்டருக்கு 2.6 கிலோ. ஆலைகள் சந்தையில் இறங்கி அள்ளின, விலை ஏறியது, பெரம்பலூரில் படைப்புழுவோடு மல்லுக்கட்டி விளைவித்தவருக்கு அது நல்ல காலம். ஆனால் முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம்போலத் தீவனம் தின்னும், அதில் பாதியளவு மக்காச்சோளம். நாமக்கல்லில் பண்ணை வைத்திருப்பவருக்குச் செலவில் பெரும்பங்கு தீவனம்தான், அந்த முட்டைதான் சத்துணவுத் தட்டுக்கும் போகிறது. பல காலமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க வந்த திட்டம் தானிய இறக்குமதியில் கொண்டுவந்து விட்டது!

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. எத்தனால் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கையைக் காயவைத்துத் தீவனமாக விற்கிறார்கள், புரதம் அதிகம், விலை குறைவு. பண்ணைகள் சோயா புண்ணாக்கைக் குறைத்து இதைப் போட ஆரம்பித்தன. சோயா விலை ஆதரவு விலைக்குக் கீழே போனதற்கு இதுவும் ஒரு காரணம். மத்தியப் பிரதேசத்துச் சோயா விவசாயி எத்தனால் பக்கமே போகவில்லை, ஆனாலும் அடி அவருக்கு.

மக்காச்சோளக்காரராவது நிம்மதியாக இருந்தாரா? விலையைப் பார்த்து எல்லோரும் விதைத்தார்கள். 2025 இறுதியில் கர்நாடகத்தில் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் இருக்க, சந்தையில் பல இடங்களில் 2,000-க்கும் கீழே, விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். மலிவாக வந்த அரசு அரிசியும் இதில் ஒரு காரணம். ஒரே அரசு மக்காச்சோளம் விதைக்கச் சொல்லி, அதற்குப் போட்டியாக மலிவு அரிசியையும் இறக்கியது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் கரும்பு எத்தனாலில் 65 சதவீதமும் மக்காச்சோள எத்தனாலில் 50 சதவீதமும் பசுமைக்குடில் வாயு குறைவு என்பது நிதி ஆயோக் கணக்கு. இதில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் விஷயம். யூரியா போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது, அது கார்பன் டை ஆக்சைடைவிட 250 மடங்குக்கு மேல் சூடேற்றும். புல்வெளியை உழுது மக்காச்சோளம் விதைத்தால் மண்ணில் இருந்த கார்பனும் காற்றுக்குப் போகும். அமெரிக்காவில் இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட 2022 ஆய்வு ஒன்று, அவர்களுடைய மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட எந்த வகையிலும் சுத்தமில்லை, 24 சதவீதம் மோசமாகவும் இருக்கலாம் என்றது. இந்தியாவில் நிலம் வேறு, பயிர்முறை வேறு, அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. ஆனால் அந்த இரண்டு கணக்கையும் இங்கேயும் கேட்டே ஆகவேண்டும். ஆலைக்கழிவு வேறு இருக்கிறது, மொலாசஸில் ஒரு லிட்டர் எத்தனால் எடுத்தால் 8 முதல் 15 லிட்டர் கழிவுநீர். பஞ்சாபில் ஜீரா என்ற ஊர்ப் பக்கம் நிலத்தடி நீர் கெட்டுப்போனது என்று 2022-இல் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடி ஓர் ஆலையை மூடவைத்தார்கள்.

உணவை விட்டுவிட்டு வைக்கோலில் எடுக்கலாமே? எடுக்கிறார்கள். பானிபட்டில் 2022-இல் திறந்த ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம். வயலில் எரிக்கிற வைக்கோல்தான், நல்ல யோசனை. ஆனால் நாட்டுக்குத் தேவை ஆண்டுக்கு 1,000 கோடி லிட்டருக்கு மேல்.

[திரையில்: 1,050 / 1,776]

2025-26-க்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது 1,050 கோடி லிட்டர். ஆலைகள் தர முன்வந்தது 1,776 கோடி லிட்டர். ஒதுக்கியதில் பாதிக்குச் சற்றுக் குறைவு மக்காச்சோளம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அரிசி. வட்டி மானியத்தில் கடன் வாங்கிக் கட்டிய ஆலைகள் சும்மா நின்றால் தவணை கட்ட முடியாது. அதனால்தான் 20 போதாது, கலப்பு அளவை இன்னும் ஏற்றுங்கள் என்று கேட்கிறார்கள். அந்த மிச்ச 726 கோடி லிட்டரையும் மக்காச்சோளத்தில் எடுத்தால் இன்னும் 1.9 கோடி டன் வேண்டும்.