ஆறும் ஆற்றுதலும்: உளவளத்துணை படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

(உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஹட்டனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புள்ள பிள்ளைகளே, இன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மா அப்பாமாரே, ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியையாகச் சேர்ந்து மூன்றாவது வருடம் அது. பத்தாம் ஆண்டில் படித்த ஒரு பிள்ளை, பாடசாலை விட்ட பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், நான் நாளையிலருந்து வரமாட்டேன்" என்றாள். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். "ஏன் இப்படிப் பேசுற? படிக்காம கொழுந்து பறிக்கப் போறியா? அம்மா வெளிநாட்டுல கஷ்டப்படுறது உனக்காகத்தானே?" இப்படியே அரைமணி நேரம் புத்தி சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க டீச்சர்" என்றாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு நான் பஸ் ஏறினேன். அவள் மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது. பாட்டி விழுந்து எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். தம்பிமார் இரண்டு பேரையும் பார்க்க ஆள் இல்லை. ஒரு மாதம் வராமல் இருந்தால் பெயரை வெட்டிவிடுவார்களா, பாடக் கொப்பிகளை யாரிடமாவது வாங்கித் தர முடியுமா என்று கேட்கத்தான் அவள் வந்திருக்கிறாள். நான் கேட்கவே விடவில்லை. அந்த அரைமணி நேரத்தில் அவள் பேசியது ஏழெட்டுச் சொல். மிச்சம் முழுவதும் நான்.

நான் உளவளத்துணை படிக்கப் போனது அந்தப் பிள்ளையால்தான். இன்று உங்களிடம் பேச வந்ததும் அதனால்தான்.

சரி, படிப்பு என்னவென்று பார்ப்போம். இங்கிலீசில் கவுன்சிலிங் என்பதை நம் நாட்டில் உளவளத்துணை என்கிறோம். சிலர் சீர்மியம் என்பார்கள், சிலர் ஆற்றுப்படுத்தல் என்பார்கள். இந்த மூன்றில் கடைசிச் சொல்லில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆறு என்றால் வழி. ஆற்றுதல் என்றால் சூட்டைத் தணிப்பது. தேத்தண்ணியை ஆற்றுகிறோமே, அதே ஆற்றுதல். வேர் வேறு, ஓசை ஒன்று. ஒரு மனிதர் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு வரும்போது முதலில் வேண்டியது ஆற்றுதல். சூடு தணிந்த பிறகு, இனி எந்தப் பக்கம் போவது என்று அவர் யோசிக்கும்போது வேண்டியது ஆறு. பல்கலைக்கழகங்கள் உளவளத்துணை என்றும் கோச்சிங் உளவியல் என்றும் இரண்டு பெயரில் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இவற்றைத்தான்.

கோச்சிங் என்றதும் டியூஷன் என்று நினைக்காதீர்கள். பழைய காலத்தில் ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே வண்டிப் பெயராயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரை சேர்க்கும் ஆசிரியரை அந்தப் பெயரால் அழைத்தார்கள். அப்புறம் விளையாட்டுக்குப் போய், கம்பனிகளுக்குப் போய், கடைசியாகத்தான் உளவியலுக்கு வந்தது. அவுஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் அந்தனி கிராண்ட் என்பவர் 2000-ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். பிரித்தானிய உளவியல் சங்கம் 2004-இல் தனிக் குழு அமைத்தது. இளம் துறைதான். தமிழில் நிலைத்த சொல் இன்னும் இல்லை. நான் வழித்துணை உளவியல் என்று சொல்லிக்கொள்வேன்.

நம்மிடம் வழித்துணைக்குப் பஞ்சமில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை, அதாவது வழிகாட்டும் பாட்டு. அதிலும் மலைபடுகடாம் மலைவழியில் போகும் கூத்தர்களுக்கென்றே பாடியது. பன்றி பிடிக்க வெட்டிய குழி இருக்கும், பாறை வழுக்கும், தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கல் வந்து விழும், பார்த்துப் போ என்று சொல்லும். மலையில் பிறந்த நமக்கு அது புரியாமல் போகாது. ஆனால் ஒரு வித்தியாசம். ஆற்றுப்படையில் வழி சொல்கிறவர் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கிற வழித்துணையாளர் அதைச் சொல்லமாட்டார். "நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள்? இப்போது எங்கே நிற்கிறீர்கள்? என்னென்ன வழி தெரிகிறது? அதில் எதைச் செய்யப் போகிறீர்கள், எப்போது?" என்று கேட்பார். ஜோன் விட்மோர் என்பவர் பரப்பிய முறை அது. நாலே கேள்விதான். ஆனால் நடுவில் புகுந்து பதிலைத் தானே சொல்லிவிடாமல் கேட்பதற்கு வருடக்கணக்கில் பழக வேண்டும்.

கார்ல் ரோஜர்ஸ் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படிப்பைப் பற்றிப் பேச முடியாது. 1902-இல் அமெரிக்காவில் பிறந்தவர். பல்கலைக்கழகத்துக்கு விவசாயம் படிக்கப் போனவர், பிறகு சமயம் படித்தார், அதையும் விட்டு உளவியலுக்கு வந்தார். பாடம் மாற்றினால் வாழ்க்கை வீணாகிவிடும் என்று பயப்படும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ரொச்செஸ்டர் நகரில் சிறுவர்களுக்கான நிலையத்தில் வேலை செய்தபோது, குழப்படி செய்யும் ஒரு பையனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். பையனைத் தாய் மனதார ஏற்கவில்லை, அதுதான் பிரச்சினை என்று ரோஜர்ஸ் முடிவுகட்டி, அதைத் தாய்க்கு எப்படியாவது புரியவைத்துவிடப் பல தடவை முயன்றார். நடக்கவில்லை. கடைசியில், நாம் இரண்டு பேரும் முயன்றோம், சரிவரவில்லை, நிறுத்திக்கொள்வோம் என்றார். தாயும் சம்மதித்து, கைகொடுத்து, கதவு வரைக்கும் போனார். போனவர் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் உளவளத்துணை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் கதிரைக்குத் திரும்பி வந்து, தன் மண வாழ்க்கையின் வேதனையை எல்லாம் கொட்டினார். உண்மையான சிகிச்சை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கே வலிக்கிறது என்பது வலிக்கிறவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் அந்தத் தாயிடம் கற்றுக்கொண்டார். நான் அதை என் மாணவியிடம் கற்றிருக்க வேண்டியது.

1957-இல் அவர் எழுதிய கட்டுரையில் உளவளத்துணையாளரிடம் மூன்று குணங்களை வற்புறுத்துகிறார். வந்தவரின் இடத்தில் நின்று அவர் உணர்வதை உணர்வது. நிபந்தனை போடாமல் அவரை ஏற்பது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று இல்லாமல் இருப்பது. சொல்வது லேசு. "குடிக்கிற மனுசன் கூட ஏன் இருக்கீங்க?" என்று நாக்கு நுனியில் வரும் கேள்வியை விழுங்கிக்கொண்டு, எதிரில் இருக்கும் பெண்ணை ஏற்பது லேசில்லை.

அதனால்தான் இதில் வகுப்பறைப் படிப்பு பாதி, செய்முறை பாதி. நாங்கள் மூன்று மூன்று பேராக உட்காருவோம். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கவனித்து எழுதுவார். பேச்சைப் பதிவுசெய்து மறுபடி போட்டுக் கேட்போம். என் முதல் பதிவைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசுகிறவர் ஒரு வசனத்தை முடிக்க நான் விடவில்லை. அவர் கொஞ்சம் மௌனமானால் போதும், நான் பயந்துபோய் எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியிருக்கிறேன். மௌனத்தில்தான் மனிதர்கள் அடுத்த சொல்லைத் தேடுகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. அப்புறம் கள வேலை. அனுபவம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் ஆட்களைச் சந்திக்க வேண்டும், சந்தித்ததை அவரிடம் கொண்டுபோய்ப் பேச வேண்டும். படித்து முடித்த பிறகும் நல்ல உளவளத்துணையாளர் யாரும் மேற்பார்வையை விடமாட்டார்.

புள்ளிவிபரவியலும் உண்டு. கலைப்பிரிவுப் பிள்ளைகள் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். நானும் தமிழும் அளவையியலும் எடுத்தவள்தான். வரும், பயப்படாதீர்கள்.

இனி நம் மலைக்கு வருகிறேன். இரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு அறை இருக்கும், கதவு இருக்கும், இரண்டு கதிரை இருக்கும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய நம் லயத்தில்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒற்றை அறை, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். ஒரு அக்கா என்னிடம் பேச வேண்டும் என்றால் ஊரே பார்க்கும், "அந்த டீச்சர்கிட்ட என்னா பேசுன?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் விசாரணை நடக்கும். அதனால் நான் இடம் தேடப் பழகினேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம், கோயில் மண்டபத்தின் பின்பக்கம், சில சமயம் தேயிலை மலையில் ஏறிக்கொண்டே பேச்சு. முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டு பேசும்போது நம் ஆட்கள் இன்னும் திறந்து பேசுகிறார்கள். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்து இதை எழுத வேண்டும்.

மொழியும் அப்படித்தான். நம் பாட்டிமார் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். "நெஞ்சு அடைக்குது", "தல பாரமா இருக்கு", "மனசு விட்டுப் போச்சு", "யாரோ செஞ்சி வச்சிட்டாங்க" என்பார்கள். மனதின் வலி உடம்பின் வலியாக வருகிறது. டிஸ்பென்சரியில் இரண்டு வெள்ளைக் குளிசை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குறி சொல்லும் கோடாங்கி வந்து உடுக்கடித்தால் அந்த வீட்டார் எல்லாரும் கூடி இருந்து, அந்தப் பெண்ணின் கதையை ஒரு ராத்திரி முழுக்கக் கேட்கிறார்கள். நோய் முற்றியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் கோடாங்கியோடு நிறுத்துவது ஆபத்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஒரு கேட்டல் நடக்கிறது என்பதையும் பார்க்காமல் இருக்க முடியாது. இந்தச் சொற்களை எல்லாம் தெரிந்த ஒரு பிள்ளை படித்துவிட்டு வந்தால், "நெஞ்சு அடைக்குது" என்பதில் எது இதய நோய், எது துக்கம் என்று கேட்டறிந்து, சரியான இடத்துக்கு அனுப்ப முடியும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அது லேசில் பிடிபடாது.

2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில், நடந்ததைச் சொல் சொல் என்று தப்பியவர்களை வற்புறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலை சொல்கிறது: பார், கேள், தொடர்புபடுத்து. தண்ணீர், காய்ந்த உடுப்பு, காணாமல் போனவர் பற்றிய தகவல், இவைதான் முதலில். அவர்களாகப் பேச வந்தால் கேட்க நாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பால் முடியாதவை நிறைய. 1995-ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் அதுவும் ஒன்று. 2015-ஆம் ஆண்டளவில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பெரிய காரணம், மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ததுதான் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு சட்டம் காப்பாற்றிய அத்தனை உயிரை நான் என் வாழ்நாள் முழுக்கக் கதிரை போட்டு உட்கார்ந்தாலும் காப்பாற்ற முடியாது. அதேபோல, நாள் சம்பளம் போதாமல் கடையில் கடன் ஏறிப்போய்த் தூக்கம் வராமல் இருக்கும் ஒரு தகப்பனிடம், "மனதை மாற்றுங்கள், வாழ்க்கை மாறும்" என்று சொல்கிறவர் வழித்துணை இல்லை. அப்படிப் பேசுகிறவர்களைப் பாடசாலை மேடைகளில் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவருடைய கவலைக்குக் காரணம் அவர் மனதில் இல்லை, சம்பளச் சிட்டையில் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தகப்பன் இன்றைய இரவைக் கடக்க வேண்டும். அங்கே நமக்கு வேலை உண்டு.

உங்களில் யாருக்காவது, அல்லது வீட்டில் யாருக்காவது, இந்த இரவைக் கடப்பதே கஷ்டமாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். சுமித்ரயோ அமைப்பும் 1974 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது.

படிக்க எங்கே போவது? உயர்தரத்தில் உளவியல் ஒரு பாடமாக இல்லை, அதனால் முன்பே படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நமக்குக் கிட்ட இருப்பது பேராதனை, கலைப்பீடத்தில் உளவியல் இருக்கிறது. கொழும்பிலும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாவிட்டால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணைக் கற்கைகளை விசாரியுங்கள். தனியார் நிறுவனத்தில் சேர்வதென்றால், காசு கட்டுவதற்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கிய சான்றிதழ் அரச நேர்முகத்தில் செல்லாது என்று தெரியவந்த பிள்ளைகளின் கதை எனக்குத் தெரியும். சில வாரங்களிலேயே கோச் ஆக்கிவிடுவோம் என்று வரும் விளம்பரங்களிலும் கவனம். உளவியல் அடிப்படை இல்லாத வழித்துணையாளருக்கு, எதிரில் இருப்பவர் இலக்குத் தெரியாமல் தடுமாறுகிறாரா, இல்லை மனச்சோர்வு நோயில் இருக்கிறாரா என்பது பிடிபடாமல் போகலாம். நோய் என்றால் உளமருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

வேலை கிடைக்குமா என்று பின்வரிசை அப்பா ஒருவர் கேட்டார். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. மருத்துவர் சம்பளம் வராது ஐயா, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் தமிழில், அதுவும் மலையகத் தமிழில், உட்கார்ந்து கேட்கக்கூடிய படித்த ஆட்கள் நம் தேவைக்கு மிகக் குறைவு.

அந்தப் பிள்ளை இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். போன வருடம் சந்தையில் கண்டேன். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள், "விடுங்க டீச்சர், மூத்தவ ஏழாம் ஆண்டு படிக்கிறா, கணக்கு மட்டும் வர மாட்டேங்குது, அவளோட ஒருக்கா பேசுறீங்களா?" என்றாள். இந்த முறை நான் போய், அந்த மூத்தவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தேன். கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை. கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள்.

மழை வரும் போல இருக்கிறது. எனக்கு நாலரை பஸ். அதுவரைக்கும் அந்த ஜன்னலோரத்து வாங்கில் இருப்பேன். தனியாகக் கேட்க வேண்டியது இருந்தால் வாருங்கள்.