எஸ் வளைவு வந்தாச்சா? கொஞ்சம் பொறுங்க: 12 பேஸ் டிஎன்ஏவை யூவியில உருக்கிப் பார்க்கிறது

வணக்கம். ஸ்கிரீன்ல தெரியுதே, இது ஒரு மெல்ட்டிங் கர்வ்: சூடேத்த ஏத்த டிஎன்ஏவோட ஜோடி இழைகள் பிரியறதை (இதைத்தான் உருகுறதுன்னு சொல்றோம்), அது யூவி ஒளியை உறிஞ்சுற அளவை வெச்சு வரைஞ்சது. எஸ் மாதிரி வழுவழுன்னு இருக்கு. பார்த்ததும் நடுவுல ஒரு புள்ளி வெச்சு "இதான் டிஎம்"னு, அதாவது பாதி உருகின வெப்பநிலைன்னு, எழுதிடத் தோணும். ஆனா இந்த ஒரே கர்வை வெச்சு அங்க உருகினது எதுன்னே சொல்ல முடியாது. ஏன்னு பார்க்கலாம்.

சாம்பிள் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: டிக்கர்சன் டோடெக்கமர், அதாவது 12 பேஸ் நீள டிஎன்ஏ துண்டு, சிஜிசிஜி-ஏஏடிடி-சிஜிசிஜி. 1980-81ல ரிச்சர்ட் டிக்கர்சன் குழு எக்ஸ்ரே வெச்சு அமைப்பைக் கண்டுபிடிச்ச அதே 12 பேஸ். இது தனக்குத்தானே ஜோடி. ஒரே இழையை வாங்கினா போதும், ரெண்டு இழை 1:1ன்னு அளந்து கலக்கிற வேலை இல்ல. வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

முதல்ல பஃபர், அதாவது பிஎச்சை நிலையா வெச்சிருக்கிற கரைசல். 1 மோலார் சோடியம் குளோரைடு, 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ, பிஎச் 7. லேப்ல கைக்கெட்டின தூரத்துல ட்ரிஸ்ங்கிற இன்னொரு பஃபர் இருக்கும், அதை எடுக்காதீங்க. டிகிரிக்கு 0.028 வீதம் அதோட பிஎச் இறங்கும். 25லேர்ந்து 85 டிகிரிக்குப் போறப்போ கிட்டத்தட்ட 1.7 காலி. பாஸ்பேட்ல இந்த நகர்வு அதுல பத்துல ஒரு பங்குதான்.

இந்த இழைக்கு 260 நானோமீட்டர்ல எப்சிலான், அதாவது 1 மோலார் கரைசல் 1 சென்டிமீட்டர்ல ஒளியை உறிஞ்சுற அளவு, சுமார் 1,10,700. 5 மைக்ரோமோலார் எடுத்து 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் குவெட்ல (அளக்கிற சின்னக் கண்ணாடிப் பெட்டி) விட்டா, உருகின நிலையில அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சுற அளவு) 0.55 கிட்ட வரும். 100 மைக்ரோமோலார் ஸ்டாக்ல 50 மைக்ரோலிட்டர், பஃபர் 950, அவ்வளவுதான். ஆனா செறிவை 85-90 டிகிரியில வர்ற அப்சார்பன்ஸ்லேர்ந்துதான் கணக்குப் போடணும். குளிர்ந்த நிலையில பேஸ்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கிறதால ஒளியைக் கம்மியா உறிஞ்சும், செறிவு குறைச்சலாத் தெரியும்.

அடுத்தது குமிழி. குளிர்ந்த பஃபர்ல கரைஞ்சிருக்கிற காத்து 50 டிகிரிக்கு மேல குவெட் சுவர்ல முத்து முத்தா ஒட்டும். இதோ, இந்தக் கர்வைப் பாருங்க, 58 டிகிரியில திடீர்னு ஒரு கொம்பு முளைச்சிருக்கு. இது டிஎன்ஏவோட வேலையான்னு சந்தேகம் வந்தா 320 நானோமீட்டரையும் சேர்த்து ரெக்கார்ட் பண்ணுங்க. அங்க டிஎன்ஏ எதையும் உறிஞ்சாது. அங்கயும் கொம்பு இருந்தா குமிழியேதான். பஃபரை முன்னாடியே வேக்கம்ல 10 நிமிஷம் வெச்சா பெரும்பாலும் தீரும். ஆவியாகாம இருக்க மேல ஒரு மெல்லிசு மினரல் ஆயில் படலம், அதுக்கு மேல டெஃப்லான் மூடி.

95 டிகிரியில 5 நிமிஷம் வெச்சு மெதுவா இறக்குங்க. ஐஸ்ல சட்டுன்னு போடாதீங்க, காரணம் பின்னாடி வருது. அப்புறம் 10லேர்ந்து 95 வரைக்கும் நிமிஷத்துக்கு 0.5 டிகிரி. 170 நிமிஷம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க. 15 டிகிரிக்குக் கீழ குவெட் வெளிப்பக்கம் வேர்க்கும், நைட்ரஜன் ஊதிவிடணும். அப்புறம் அதே வேகத்துல இறக்கியும் ஒரு ரன். ஏறினதும் இறங்கினதும் ஒண்ணு மேல ஒண்ணு படியலேன்னா சமநிலை வரல, வேகத்தைக் குறைங்க. வெப்பநிலையை பிளாக்கோட சென்சார்ல நம்பாதீங்க, பஃபர் குவெட்டுக்குள்ள ஒரு புரோப் விட்டுப் பாருங்க.

டிஎம் எடுக்கிறப்போ சாஃப்ட்வேர் டெரிவேட்டிவ் உச்சியை, அதாவது கர்வ் ரொம்பச் செங்குத்தா ஏறுற இடத்தை, காட்டும். ரெண்டு இழை சேர்ந்து பிரியிற விஷயத்துல அந்த உச்சி பாதி உருகின இடத்துல வராது, சுமார் 59 சதவீதம் உருகின இடத்துல வரும். இந்த 12 பேஸுக்கு ஒரு டிகிரி அளவு பிசகு. 6, 7 பேஸ்னா இன்னும் கூடும். கர்வோட தட்டையான மேல் பகுதியில ஒரு கோடு, கீழ்ப் பகுதியில ஒரு கோடு (பேஸ்லைன்) போட்டு பாதிப் புள்ளியை எடுங்க.

இப்போ மெயின் விஷயம். 1998ல ஜான் சாண்டாலூசியா தொகுத்த அண்டை-ஜோடி எண்களை (பக்கத்துப் பக்கத்து பேஸ் ஜோடிகளை வெச்சு கணக்குப் போடுறது) போட்டா, இழைகள் ஜோடி சேர்றதுக்கான டெல்டா எச் (வெப்ப மாற்றம்) மோலுக்கு −101.2 கிலோகலோரி, டெல்டா எஸ் (என்ட்ரோபி மாற்றம்) மோலுக்கு, கெல்வினுக்கு −273.8 கலோரி வருது. அதுல 5 மைக்ரோமோலாருக்கு டிஎம் 66.4 டிகிரி, 50 மைக்ரோமோலாருக்கு 71.7. செறிவு பத்து மடங்கு ஏறினா டிஎம் 5 டிகிரி ஏறணும். 50 மைக்ரோமோலாரை 1 சென்டிமீட்டர்ல அளக்க முடியாது, அப்சார்பன்ஸ் 5.5 ஆகிடும். 1 மில்லிமீட்டர் குவெட் போட்டா பழையபடி 0.55.

டிஎம் நகரவே இல்லையா? அப்போ அங்க இருக்கிறது ஹேர்பின். நடுவுல இருக்கிற ஏஏடிடி வளைவா நின்னு, ரெண்டு பக்க சிஜிசிஜியும் ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேர்ந்து, ஒத்தை இழையே கொண்டை ஊசி மாதிரி மடங்கிக்கும். பக்கத்து இழையைத் தேடவே வேண்டாம், அதனால செறிவு அதுக்குப் பொருட்டே இல்ல. ஐஸ்ல சட்டுன்னு குளிர வெச்சா சிக்கிக்கிறதும் இதுதான். உப்பும் செறிவும் குறைச்சலா இருந்தா இந்த இழை ரெண்டு படியா உருகும்: முதல் படி செறிவோட நகரும், ரெண்டாவது அசையாது.

அதனால ரெண்டு செறிவோட நிறுத்தாதீங்க, குறைஞ்சது அஞ்சாறு. 1/டிஎம்மை, கெல்வின்ல, செறிவோட நேச்சுரல் லாக்குக்கு (ln) எதிரா வரைஞ்சா சாய்வு ஆர்/டெல்டா எச் (ஆர்ங்கிறது வாயு மாறிலி). இந்த டெல்டா எச்சும், ஒரே கர்வை ஃபிட் பண்ணி வர்ற டெல்டா எச்சும் 15 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போனா இரு-நிலைன்னு, அதாவது ஜோடி இல்லேன்னா தனி இழை, நடுவுல வேற எதுவும் இல்லன்னு, எடுத்துக்கலாம். ஒத்துப்போகலேன்னா அந்த எண்ணை டேபிள்ல போடாதீங்க. வேற வேற ரெண்டு இழை எடுத்திருந்தா லாக்குக்குள்ள செறிவை 4ஆல வகுக்கணும், இதை மறந்துட்டு டெல்டா எஸ்ஸைத் தப்பா போடுறவங்க நிறைய பேர்.

முடிஞ்சதும் குவெட்ல ஆயிலை ஊற விடாதீங்க. முதல்ல ஹெக்சேன், அப்புறம் எத்தனால், கடைசியா தண்ணி. தண்ணியை முதல்ல விட்டா ஆயில் சுவர்ல படிஞ்சு, அடுத்த ரன்ல பிளாங்கே (டிஎன்ஏ இல்லாத வெறும் பஃபரோட அளவு) மேல ஏறி நிக்கும்.