பிரசவ டாக்டர் ஆக நினைத்தவர் கண் டாக்டர் ஆனது எப்படி?

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். மூட்டுகள் வளைந்துபோன ஒரு கை, அதில் மெல்லிய கத்தி.]

வணக்கம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தவர். ஆனால் அவர் முதலில் ஆசைப்பட்டது பிரசவ மருத்துவத்துக்கு.

1918 அக்டோபர் 1. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் காகிதம், பென்சில் எல்லாம் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, விரலால் எழுதிப் படித்தார்கள். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பேறுகாலச் சிக்கல்களால் இளம் வயதிலேயே இறந்துபோனார்கள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததற்கு அதுதான் காரணம்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், 1938-ல் பட்டம். அப்புறம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-ல் எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். இதுவரை நேர்கோடுதான்.

[திரையில்: விரல் மூட்டின் வரைபடம். மூட்டின் உள்உறை சிவந்து வீங்குகிறது.]

முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் தாக்கியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்உறையைத் தாக்கும் நோய் இது. முதலில் வீக்கம், வலி. நாளடைவில் மூட்டே உருமாறி, விரல்கள் கோணிப்போகும். அவரை இது மாதக்கணக்கில் படுக்கையில் போட்டது. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவ மருத்துவத்துக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும், கையில் வலு வேண்டும். அந்தக் கதவு மூடிவிட்டது.

சரி, அந்தக் கையோடு கண் மருத்துவமா? கேட்டால் விபரீதமாகத்தான் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் அதில் ஒரு கணக்கு தெரியும். கண்ணில் செய்யும் வேலைக்குப் பலம் தேவையில்லை. அசைவு சிறியது, ஆனால் துல்லியமாக இருக்க வேண்டும். அன்றைய கண்புரை அறுவையில், கருவிழியின் ஓரமாக ஏறக்குறைய அரைவட்டம் வெட்டி, மங்கிய லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுப்பார்கள். உள்ளே பொருத்தச் செயற்கை லென்ஸ் புழக்கத்தில் இல்லாததால், நோயாளிக்குத் தடித்த கண்ணாடிதான். கத்தி பிடித்த கை சற்று அழுத்திவிட்டால் கண்ணுக்குள் இருக்கும் ஜெல் போன்ற பொருள் பிதுங்கி வெளியே வந்து, பார்வையே போகலாம்.

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் அவர் பயிற்சி பெற்றார். 1819-ல் தொடங்கிய பழைய மருத்துவமனை அது. மருத்துவப் பாடத்தைவிடக் கத்தியைப் பிடிக்கப் பழகியதுதான் அவருக்குப் பெரிய பாடம். கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளையே வடிவமைத்துக்கொண்டார். இந்தக் கதையை வெறும் மனஉறுதிக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. கைக்குத் தக்கபடி கருவியையும் வேலைமுறையையும் மாற்றியது பொறியாளர் மூளை. வலி மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது.

[திரையில்: கிராமத்துக் கண் முகாம். வரிசையில் முதியவர்கள்.]

1956-ல் மதுரைக்கு வந்தார். மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர், கூடவே அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் அறுவை நிபுணர். பார்வை இழந்தவர்கள் மருத்துவமனைக்கு வர முடியாதபோது, கிராமங்களிலேயே முகாம் நடத்தினார். ஒரே நாளில் நூறு அறுவை வரை செய்யும் வேகம் அவருக்கு வந்தது.

1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அதே ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. அந்த மருத்துவமனை செலவை எப்படிச் சமாளித்தது என்பது அடுத்த வீடியோவில்.